பயந்தவர்களுக்குக் கடைசிப் பக்கம்

அத்தியாயம் 5

திரையில் ஒரு பெயர் இருந்தது. அதற்கு மேல் 'படத்தொகுப்பு' என்ற சொல்.

பெயருக்குச் சொந்தக்காரி திரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். டைரக்டர் நின்றுகொண்டிருந்தார்.

"ஆறு மணிக்குப் படம் இந்த ரூமை விட்டுப் போகுது. அதுக்குள்ள இந்தப் பேரு இருக்கலாமா, எடுத்துடலாமான்னு நீங்க சொல்லணும், மேடம்."

துப்பறியும் தொழிலில் அவளுக்குக் கொக்கு என்று பெயர். உயரம் ஒரு காரணம். அசையாமல் நிற்பது இன்னொன்று. இப்போதும் அப்படித்தான் நின்றாள். பக்கத்தில் அவளுடைய உதவியாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னாள் பஸ் கண்டக்டர். அவளுடைய சித்தப்பா. கடைவாய்ப் பல்லில் வலி.

"என்ன திருடு போச்சு?" என்றாள் கொக்கு.

"முடிவு."

டைரக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஒருமுறை மடித்த வெள்ளைத்தாள். வெளிப்பக்கம் 'கடைசிப் பக்கம்' என்று எழுதியிருந்தது. பிரித்தால் உள்ளே மூன்று வரிகள்.

பயப்பட வேண்டாம்.
கொலை செய்தது பாட்டு டீச்சர்.
நிம்மதியாகப் படம் பாருங்கள்.

"காலையில ரிசர்வேஷன் ஆரம்பிச்சாங்க. தியேட்டர் கவுண்டர் கம்பியில இது தொங்குது. மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. டிக்கெட் வாங்க வந்தவன் படிச்சுட்டுத் திரும்பிப் போறான்."

"டிக்கெட் இல்லாம வந்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன்," என்றார் சித்தப்பா. "வந்துட்டு டிக்கெட் இல்லாமப் போறவங்களை இப்பத்தான் கேள்விப்படறேன்."

டைரக்டர் சிரிக்கவில்லை. சித்தப்பா காகிதத்தின் மூலையைத் தொட்டுப் பார்த்தார். காயத்துக்குப் போடும் துணி பிளாஸ்திரி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாவம். காகிதத்துக்கு அடிபட்டிருக்கு."

படத்தின் பெயர் 'காயாத குடை'. பெயர்பெற்ற ஒரு நாவலிலிருந்து எடுத்தது. நாவலில் கொலை செய்தவர் குடும்ப டாக்டர். டைரக்டர் ஆளை மாற்றிவிட்டார். நாவலைப் படித்தவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி வேண்டும் என்பது அவர் கட்சி.

"மாத்தினது யார் யாருக்குத் தெரியும்?"

"கடைசிக் காட்சியைத் தனியா எடுத்தோம். நான், கேமராமேன், டீச்சரா நடிச்ச அந்த நடிகை. கேமராமேன் வெளிநாட்டுல இருக்கார். நடிகை பேட்டியிலகூட வாயைத் திறக்கமாட்டாங்க. மிச்சம் இவதான்."

நாற்காலியில் இருந்தவள் நிமிரவில்லை.

"இவங்க அப்பா யாருன்னு கேளுங்க," என்றார் டைரக்டர்.

"யாரு?"

"கண்ணாடிக் கடைக்காரர். துப்பறியும் நாவல்னா பைத்தியம். ஞாயித்துக்கிழமையானா கடைக்குப் பின்னால தன்னை மாதிரி ஆளுங்களைக் கூட்டி வச்சுப் பேசுவார். இன்னும் என்ன வேணும்?"

இப்போது அவள் பேசினாள். "எங்கப்பாகிட்ட முடிவைச் சொன்னா அவர் என்னை வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டார், மேடம். இந்தப் படம் ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுல நான் வேலையைப் பத்தி வாயே திறக்கறதில்லை. என்ன சமையல், யாருக்குக் கல்யாணம், அவ்வளவுதான்."

"எத்தனை வருஷமா இந்த வேலை?"

"ஒன்பது வருஷம் அசிஸ்டெண்ட். பேரு வர்றது இதுதான் முதல் தடவை."

அந்தப் பெயர் திரையில் அசையாமல் நின்றது. பின்னால் மழை.

கொக்கு காகிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"படத்துல அந்த டீச்சர் பாட்டுதான் சொல்லித்தர்றாங்களா?"

டைரக்டர் கொஞ்சம் தயங்கினார். "இல்லை. ட்ராயிங். நாவல்ல பாட்டு டீச்சர்தான். நம்ம நடிகைக்குச் சுருதி சேரலை. சும்மா வாயசைச்சாலே யூனிட் சிரிச்சுது. கையில பிரஷ்ஷைக் கொடுத்துட்டோம்."

"ட்ரெய்லர்ல பிரஷ் வருதா?"

"வராது."

"அப்போ இதை எழுதினவர் படத்தைப் பார்க்கலை. புஸ்தகத்தைத்தான் பார்த்திருக்கார். சினிமாக்காரங்க கிளைமாக்ஸ்னு சொல்வாங்க. இவர் கடைசிப் பக்கம்னு எழுதறார்."

"அதைத்தானே நானும் சொல்றேன்? பொண்ணு 'டீச்சர்'னு சொல்லியிருப்பா. அப்பா தனக்குத் தெரிஞ்ச பாட்டு டீச்சர்னு எழுதியிருப்பார்."

சித்தப்பா கொக்கைப் பார்த்தார். அந்தப் பதிலில் ஓட்டை இல்லை.

"மூணாவது வரி?" என்றாள் கொக்கு. "நிம்மதியாகப் படம் பாருங்கள்."

"நக்கல்."

"நக்கல் பண்றவங்க விரிச்சு ஒட்டுவாங்க, சார். இது மடிச்சு ஒட்டியிருக்கு."

*

ஸ்கூட்டரைச் சித்தப்பா ஓட்டினார். வாடிக்கையாளர் முன்னால் அவள் பாஸ். ஸ்கூட்டரில் பாப்பா.

"பாப்பா, அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரித் தெரியலை."

"எப்படிச் சொல்றீங்க?"

"பொய் சொல்றவங்க டிக்கெட் எங்கேயோ விழுந்துடுச்சுன்னு தேடுவாங்க. இவ தேடவே இல்லை."

"பல்லுக்கு டாக்டரைப் பார்க்கலாம்ல?"

"பார்த்தா பிடுங்கிடுவாங்க."

"பயமா?"

"ஓடற பஸ்ஸுல ஃபுட்போர்டுல நின்னவன் நான்." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "பயந்தான்."

கண்ணாடிக் கடை சிறியது. சுவர் முழுக்கக் கண்ணாடி பிரேம்கள். யாரும் இல்லாமலே ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கோடியில் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. கல்லாவில் இருந்தவர் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

"கண்ணு டெஸ்ட்டா?" என்று கத்தினார்.

கொக்கு தன் அட்டையை நீட்டினாள். அவர் படித்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"துப்பறியறவங்களா? நிஜத்துல இருக்கீங்களா?"

சித்தப்பா தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"பஞ்சா? காலையில இருந்து தெருவுல எல்லாரும் என் பொண்ணு வேலை செஞ்ச படத்தோட முடிவைப் பேசறாங்க. பேப்பர் வாங்கப் போனேன். பேப்பர்க்காரர் 'உங்களுக்கு விஷயம் தெரியுமா'ன்னார். ஓடி வந்துட்டேன். பேப்பர்கூட வாங்கலை."

எடுங்கள் என்று கொக்கு சைகை செய்தாள்.

"முடிவைச் சொல்லமாட்டீங்களே?"

இல்லை என்று தலையாட்டினாள்.

அவர் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார். "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

"படத்துல யாரு கொலைகாரர்னு நினைக்கறீங்க?"

"டாக்டர்தான். மாத்த முடியாது. நாவலை எழுதின மழைக்காரர் அந்த டாக்டரை எப்படிக் காட்டியிருக்கார் தெரியுமா? பிணத்தோட நாடியைப் பார்க்கும்போது அவர் கடிகாரத்தைப் பார்க்கலை. அந்த ஒரு வரிக்காகவே..." நிறுத்தினார். குரல் இறங்கியது. "ஆனா டாக்டரா இருந்தா தெருவுல இவ்வளவு பேச்சு வராது. அதான் பயமா இருக்கு. எதுவா இருந்தாலும் வெள்ளிக்கிழமை தியேட்டர்ல உட்கார்ந்துதான் தெரிஞ்சுக்குவேன்."

சித்தப்பா பஞ்சு இருந்த காதுப் பக்கமாக வந்து முணுமுணுத்தார். "பாஸ், இது நடிப்புன்னா டைரக்டர் இவரைத்தான் ஹீரோவாப் போட்டிருக்கணும்."

"உங்க பொண்ணு உங்ககிட்ட முடிவைச் சொல்லி, நீங்க ஊருக்குச் சொல்லிட்டீங்கன்னு டைரக்டர் நினைக்கறார்," என்றாள் கொக்கு. "ஆறு மணிக்குள்ள இல்லைன்னு காட்டலைன்னா படத்துல இருந்து அவங்க பேரை எடுத்துடுவார்."

கடைக்காரர் கல்லாவுக்கு மேல் குனிந்தார்.

"அவ பேரு வருதா?"

"தெரியாதா?"

"சொல்லலையே."

கொக்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முடிவைச் சொல்லமாட்டேன் என்று தலையாட்டியவள், அதைவிடப் பெரிய ஒன்றைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"ஆச்சரியமா இருக்கட்டும்னு வச்சிருப்பா," என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "வாங்க. கூட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க. நம்ம ஆளுங்ககிட்ட விசாரிங்க. அவங்களுக்குத் தெரியாத துப்பு கிடையாது."

*

பின்னறையில் கண்ணாடி தேய்க்கும் மெஷின், நான்கு முக்காலிகள், கூரைவரை நாவல்கள். இரண்டு பேர் ஏற்கெனவே சண்டையில் இருந்தார்கள்.

ஒருவர் பேக்கரிக்காரர். முழங்கையில் மாவு. மற்றவர் நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். எதற்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவதால் ஜட்ஜ்.

இந்த அறையில் எந்த எழுத்தாளருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மழை இல்லாமல் கொலை செய்யத் தெரியாதவர் மழைக்காரர். எல்லாப் பிணத்தையும் பூட்டிய அறையில் வைப்பவர் சாவிக்காரர். விஷக்காரம்மாவுக்கு விளக்கம் தேவையில்லை.

"சாவிக்காரர் கதையைச் சினிமாவா எடுத்தாங்களே, அதை விடவா?" என்று ஜட்ஜ் முழங்கிக்கொண்டிருந்தார். "பூட்டின ரூம். உள்ளே பிணம். யாரு எப்படிப் போனாங்கன்னு புஸ்தகத்துல நான் தலையைப் பிச்சுக்கிட்டேன். சினிமாவுல முதல் ஷாட்டே ரூமுக்குள்ள. எனக்கு அப்பவே போச்சு. கேமரா எப்படிய்யா உள்ளே போச்சு?"

"கதவு வழியாத்தான்."

"அதான் பூட்டியிருக்கே!"

"நீங்க படம் பார்க்கப் போறீங்களா, பஞ்சாயத்து பண்ணப் போறீங்களா?" என்றார் பேக்கரிக்காரர். "மழைக்காரர் பத்துப் பக்கம் மழையை எழுதறார். சினிமாவுல ஒரு பைப்பைத் திறந்தா முடிஞ்சுது. மிச்சமிருக்கற நேரத்துல இன்னும் ரெண்டு கொலை பண்ணலாம்."

"அந்தப் பத்துப் பக்கத்துலதான் துப்பே இருக்கு," என்றார் கடைக்காரர், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "யாரோட குடை காயலைங்கறது. நீ மழையைத் தாண்டிப் படிச்சிருப்பே."

"தாண்டலைண்ணே. நனைஞ்சுட்டேன்."

"விஷக்காரம்மா கதையைப் படிச்சதுல இருந்து," என்றார் ஜட்ஜ், "யார் காபி கொடுத்தாலும் அவங்க முதல்ல குடிக்கட்டும்னு பார்க்கறேன்."

"உங்க வீட்டுக் காபிக்கு நான் கதை படிக்காமலே அப்படித்தான் பார்ப்பேன்."

"அவங்க கதையையும் எடுத்தாங்க. விஷத்தைப் பச்சைக் கலர்ல காட்டினாங்க. பச்சைக் கலர்ல காபி இருந்தா எவன் குடிப்பான்?"

"ஹீரோயின் குடிச்சாளே."

"நான் சொல்றதைக் கேளு. புஸ்தகத்துல கொலைகாரனுக்கு மூஞ்சி கிடையாது. நமக்குப் பிடிச்ச மூஞ்சியைப் போட்டுக்கலாம். நான் எப்பவும் எங்க ஆபீஸ் சூப்பிரண்டண்ட் மூஞ்சியைப் போட்டுக்குவேன். கடைசியில அவரைப் பிடிக்கும்போது எவ்வளவு சந்தோஷம்! சினிமாவுல அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கிடறாங்க."

சித்தப்பா சிரித்தார். சிரித்ததில் பல் வலித்தது. "அம்மா!" என்று கன்னத்தைப் பொத்தினார்.

"யாரு அது, பல்லா?" என்று வாசலில் ஒரு குரல்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றிக்கொண்டே ஓர் அம்மாள் உள்ளே வந்தார். பக்கத்துக் கட்டடத்தில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நோயாளி வந்ததால் தாமதம்.

"வாயைத் திறங்க."

"வேண்டாம், டாக்டரம்மா. நாங்க விசாரணைக்கு வந்திருக்கோம்."

"திறந்துக்கிட்டே விசாரிங்க."

சித்தப்பா திறந்தார். டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. கடைசியில பல்லு உங்க வாயிலயேதான் இருக்கும், அதை முதல்லயே சொல்லிடறேன். நடுவுல ஒரு ஊசி, எறும்பு கடிச்ச மாதிரி. அப்புறம் ஒரு சத்தம் வரும். அது உங்க பல்லு இல்லை, என் மெஷின். அவ்வளவுதான். இப்ப நிம்மதியா வந்து உட்காருங்க, நாளைக்கு."

சித்தப்பாவின் தோள் கீழே இறங்கியது. அன்று முதல் முறையாக அவர் கை கன்னத்தை விட்டது.

கொக்கு அசையாமல் நின்றாள். பயப்படாதீங்க. முடிவு முதலில். பிறகு நிம்மதி.

"சார்," என்று கடைக்காரரிடம் சொன்னாள், "அந்தப் பஞ்சை மறுபடி வச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் முன்னால போய் இருக்கீங்களா?"

அவர் கேள்வி கேட்கவில்லை. துப்பறியும் நாவல்களில் இந்த இடம் அவருக்குத் தெரியும். எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது.

கொக்கு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"தியேட்டர் கவுண்டர்ல பிளாஸ்திரி போட்டது நீங்கதானே, டாக்டர்?"

"ஆமா," என்றார் டாக்டர். "ஏன், விழுந்துடுச்சா?"

ஜட்ஜ் எழுந்து நின்றார். முக்காலி விழுந்தது. "நீங்களா! நம்ம கூட்டத்துல ஒரு ஆளா!"

"ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க? நான் கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கறவள்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். பயந்த சுபாவம்னு விட்டுட்டோம். அதுக்காக ஊருக்கே படிச்சுக் காட்டுவீங்களா?"

"ஊருக்கு இல்லை. பயந்தவங்களுக்கு மட்டும்." டாக்டர் உட்கார்ந்தார். "புஸ்தகம்னா நான் முதல்ல கடைசியில திருப்பிப் பார்த்துடுவேன். யாரு பிழைச்சாங்க, யாரு கொன்னாங்க. தெரிஞ்சா அப்புறம் நிம்மதியாப் படிப்பேன். சினிமாவைத் திருப்ப முடியுமா? இருட்டுல உட்கார்த்தி வச்சு, கதவையும் சாத்திடறாங்க. என்னை மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க? அவங்களுக்காக ஒட்டினேன். வேண்டாதவங்க பிரிக்கமாட்டாங்கன்னுதான் மடிச்சேன்."

"மடிச்ச காகிதத்தைப் பிரிக்காத ஆளை நீங்க எங்கே பார்த்தீங்க?" என்றார் சித்தப்பா.

டாக்டர் யோசித்தார். அப்படி அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கொக்கு விஷயத்தைச் சொன்னாள். ஆறு மணி, பெயர், டைரக்டரின் சந்தேகம், டீச்சர் சொல்லித்தருவது பாட்டு இல்லை ட்ராயிங் என்பது. டாக்டரின் முகம் வெளுத்தது.

"ஐயோ. அவ எதுவும் சொல்லலையே. என்னைப் பார்த்தாலே வேற பக்கம் போயிடுவா."

"அப்போ யாரு சொன்னது?"

"ட்ரெய்லர்தான்."

பேக்கரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் விரலை மடக்காமல், பல்லைச் சுட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காற்றில் தொட்டுக் காட்டினார்.

"படத்துல வர்ற டாக்டர் கையில கத்தியோட வர்றார். அவ்வளவு பச்சையாக் காட்டினா அவர் இல்லை. கதையை மாத்தியிருக்காங்க. தோட்டக்காரன் ஜன்னல்ல எட்டிப் பார்க்கறான். தம்பி இருட்டுல நின்னு சிரிக்கறான். நாய்கூட முறைக்குது. எல்லாரையும் சந்தேகப்படச் சொல்றாங்க. ஒரே ஒரு ஆள் மட்டும் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கறாங்க. டீச்சர் வேஷம்னு பேப்பர்ல வந்துது. நாவல்ல அந்தப் பாட்டு டீச்சர் வர்றது ரெண்டே இடம். அதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய நடிகை?"

ஜட்ஜ் விழுந்த முக்காலியை நிமிர்த்திப் போட்டார்.

"நீங்க எல்லாரும் படிக்கும்போது கொலைகாரனைத் தேடறீங்க," என்றார் டாக்டர். "எனக்குத்தான் அவன் யாருன்னு முதல்லயே தெரியுமே. நான் எழுத்தாளரைத் தேடுவேன். அவர் எங்கே நின்னு மறைக்கறார்னு. அது பழகிப்போச்சு."

கொக்கு டைரக்டருக்குப் போன் போட்டாள்.

*

டைரக்டர் கடைக்கு வரும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டார். கை கட்டிக்கொண்டார்.

"ட்ரெய்லரைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்களா? நான் ஒரு வருஷம் யோசிச்சு மறைச்சதை? மேடம், நான் கதை சொல்றவன். எனக்கே கதை சொல்லாதீங்க. இவங்களும் அந்தப் பொண்ணோட அப்பாவும் ஒரே கூட்டம். காப்பாத்தப் பார்க்கறாங்க."

"உங்க அடுத்த படத்தோட கதை யாருக்காவது தெரியுமா?" என்றாள் கொக்கு.

"என் மண்டைக்குள்ள இருக்கு. என் மனைவிக்குக்கூடத் தெரியாது."

"நாலு வரி சொல்லுங்க. முடிவு வேண்டாம்."

டைரக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பல் டாக்டர், பேக்கரிக்காரர், டைப்பிஸ்ட். லேசாகச் சிரித்தார்.

"மலை மேல ஒரு லாட்ஜ். பனியில ரோடு மூடிடுச்சு. லாட்ஜ் முதலாளி, அவரோட தம்பி, ஒரு மாட்டு டாக்டர், பியானோ வாசிக்கற ஒரு பெரியவர், புதுசாக் கல்யாணமான ஒரு ஜோடி. முதலாளி செத்துப்போறார். போதுமா?"

டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுக்கு முன்னாலயே யாரையாவது கொல்லப் பார்த்து, அவங்க தப்பிச்சுடறாங்களா?"

"ஆமா. அந்தப் புதுப்பொண்ணு. மாடியில இருந்து பூந்தொட்டி விழுது. நூலிழையில தப்பிச்சு..."

"அவதான்," என்றார் டாக்டர்.

"அவதான்," என்றார் ஜட்ஜ்.

"தொட்டியை அவளே தள்ளிவிட்டிருப்பா," என்றார் பேக்கரிக்காரர். "விஷக்காரம்மா இதை விட நல்லாப் பண்ணியிருப்பாங்க."

டைரக்டரின் கைகள் தாமாகப் பிரிந்தன. பின்னால் நகர்ந்தார். முக்காலியில் இடித்து அதிலேயே உட்கார்ந்தார்.

"நான் யாருகிட்டயும் சொல்லலையே," என்றார்.

"அவளும் சொல்லலை," என்றாள் கொக்கு.

பேக்கரிக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். டாக்டர் டைரக்டரின் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. இன்னும் எடுக்கலையே. கடைசியில சரியா வந்துடும்."

"ஆனா இந்தப் படம்? ஊருக்கே தெரிஞ்சுபோச்சே."

"யாருன்னுதானே தெரியும்?" என்றார் ஜட்ஜ். "எப்படி மறைச்சீங்கன்னு தெரியாதே. நான் ரெண்டு தடவை வருவேன். இது தீர்ப்பு."

"ட்ராயிங் டீச்சரா ஏன் மாத்தினீங்கன்னு பார்க்க நான் மூணு தடவை வருவேன்," என்றார் டாக்டர். "தப்பா எழுதிட்டேனே, வெக்கமா இருக்கு."

டைரக்டர் போனை எடுத்தார். எடிட்டிங் அறைக்குப் பேசினார். "அம்மா, பேரு இருக்கட்டும். நான்தான் தப்பா நினைச்சுட்டேன். கேக்குதா? தப்பு என்னுதுதான்."

"முன்னால போய் ஒரு தடவை சொல்லிடுங்க, சார்," என்றார் சித்தப்பா. "கொஞ்சம் சத்தமா. அவர் காதுல பஞ்சு இருக்கு."

*

எடிட்டிங் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் வெளியே நின்றார். கொக்கும் சித்தப்பாவும் அவருக்குப் பின்னால். படம் கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது.

"உள்ள வாங்கப்பா," என்றாள் மகள்.

"முடிவு ஓடுதா?"

"எதுவும் ஓடலை. பேரை நிறுத்தி வச்சிருக்கேன்." அவள் வாசலுக்கு வந்தாள். "ஆனா ஒரு சிக்கல். நம்ம படத்துல பேரெல்லாம் கடைசியிலதான் வருது. என் பேருக்குப் பின்னால மழையில, கையில விலங்கோட, அந்த ஆள் நிக்கறாங்க."

"முழுசாவா?"

"முழுசா. மூஞ்சி நேரா."

அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையே பார்த்துக்கலாம்பா. ஒண்ணும் அவசரமில்லை."

"ஒன்பது வருஷம் ஆச்சு. அவசரமில்லையாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையை நீட்டினார். மகள் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிவந்தாள். திரைக்கு முன்னால் நின்று ஓரடி பின்னால் வைத்தார். பிறகு அரை அடி முன்னால்.

"இங்கே. என் பவர் எனக்குத் தெரியும். இங்கேயிருந்து பெரிய எழுத்து தெரியும். மூஞ்சி தெரியாது."

"ஆணா பொண்ணான்னுகூடத் தெரியலையா?" என்றார் சித்தப்பா.

"சித்தப்பா," என்றாள் கொக்கு.

அவர் படிக்கத் தொடங்கினார். கடையில் மற்றவர்களைப் படிக்கச் சொல்வதுபோல், ஒவ்வோர் எழுத்தாக, உதட்டை அசைத்து. மேலே இருந்த சொல் முதலில். பிறகு பெயர். முடித்ததும் மறுபடி முதலில் இருந்து.

"சரியா இருக்காப்பா?"

அவர் பையில் கையை விட்டுக் கண்ணாடியைத் தொட்டார். எடுக்காமல் கையை வெளியே எடுத்தார். புறங்கையால் கண்களைத் துடைத்தார்.

"இரு," என்றார். "இப்ப எழுத்தும் தெரியலை."